பள்ளி சொல்றது வீட்டுக்கு வந்து சேருதா? நெய்வேலிப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

நெய்வேலியில் பல வீடுகளில் பொழுது ஷிஃப்டை வைத்துத்தான் ஓடுகிறது. சுரங்கமும் அனல்மின் நிலையமும் ராத்திரி பகல் பார்ப்பதில்லை. ஒரு வாரம் விடியற்காலையில் கிளம்புகிற அப்பா, இன்னொரு வாரம் மதியம் போய் ராத்திரி பத்து மணிக்கு மேல் வருவார். நைட் ஷிஃப்ட் என்றால், பிள்ளை ஸ்கூலுக்குக் கிளம்புகிற நேரத்தில்தான் அவர் வந்து படுப்பார். பத்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளையும் அப்பாவும் ஒரே வீட்டில் இருந்துகொண்டே, வாரக்கணக்கில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் பேசாமல் இருப்பது இங்கே புதிதில்லை. அம்மாவும் வேலைக்குப் போகிறவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

இந்த ஓட்டத்துக்கு நடுவில் பள்ளியிலிருந்து ஒரு தகவல் வருகிறது. "வெள்ளிக்கிழமைக்குள் வருமானச் சான்று கொடுத்தால் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்." அல்லது, "உங்கள் மகன் மூன்று நாளாகப் பள்ளிக்கு வரவில்லை." அது யாருடைய கைபேசிக்கு வருகிறது? சுரங்கத்தில் வேலையில் இருக்கிறவருடைய எண்ணுக்கா? இரண்டு வருஷத்துக்கு முன்னால் தூக்கிப் போட்ட பழைய சிம்முக்கா? பதில் சட்டென்று வரவில்லை என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

சின்ன வகுப்பில் இந்தக் கவலை இல்லை. பிள்ளையைக் கூட்டிப் போக கேட்டுக்குப் போவோம், டீச்சரைப் பார்ப்போம், நாலு அம்மாக்கள் பேசுவது காதில் விழும். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் பிள்ளை சைக்கிளில் தானே போய் வருகிறது. நாம் கேட்டுக்குப் போவது நின்றுபோகிறது. "ஸ்கூல்ல என்ன சொன்னாங்க?" என்றால், "ஒன்னும் சொல்லலம்மா" என்று பதில் வருகிறது. ஆனால் எந்த குரூப் எடுப்பது, எந்தத் தேர்வு எழுதுவது, எந்த உதவித்தொகை கிடைக்கும் என்ற பெரிய முடிவுகள் எல்லாம் இந்த நாலு வருஷத்தில்தான் வருகின்றன. தகவல் அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில்தான் அது வீட்டுக்குக் குறைவாக வருகிறது. இதைச் சரிசெய்ய வழிகள் இருக்கின்றன.

முதல்ல அந்த நம்பரைப் பாருங்க

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படிக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் 'எமிஸ்' எண் என்று ஒன்று உண்டு. பள்ளிக் கல்வித் துறையின் தகவல் தொகுப்பில் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், முகவரி, கைபேசி எண் எல்லாம் இந்த எண்ணின் கீழ்தான் பதிவாகியிருக்கும். வருகைப் பதிவு, மாற்றுச் சான்றிதழ், பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் போன்றவை இதை ஒட்டித்தான் நடக்கின்றன. 2024-ல் பள்ளிக் கல்வித் துறை பெற்றோரின் கைபேசி எண்களுக்கு ஓ.டி.பி. அனுப்பிச் சரிபார்க்கும் வேலையைச் செய்தது. வாட்ஸ்அப் வழியாகத் தகவல்களைப் பெற்றோருக்கு நேரடியாகச் சேர்ப்பதுதான் அதன் நோக்கம்.

இதில் எங்கே கோளாறு வருகிறது என்றால், அந்த எண் பல வீடுகளில் பிள்ளையைச் சேர்க்கும்போது கொடுத்த எண். அதற்குப் பிறகு சிம் மாறியிருக்கும், ஃபோன் தொலைந்திருக்கும். அவசரத்துக்கு மாமா நம்பரையோ, விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த பிரவுசிங் சென்டர் நம்பரையோ கொடுத்தவர்களும் உண்டு. தகவல் ஒழுங்காகப் போய்க்கொண்டே இருக்கும், ஆனால் உங்களுக்கு மட்டும் வராது.

வகுப்பாசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்க பிள்ளைக்கு எமிஸ்ல எந்த நம்பர் இருக்கு, டீச்சர்?" தப்பாக இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

யாருடைய எண்ணைக் கொடுப்பது என்பதிலும் யோசனை வேண்டும். குடும்பத் தலைவர் என்பதற்காக அப்பாவின் எண்ணைக் கொடுத்துவிட்டு, அவர் பணியில் இருக்கும் எட்டு மணி நேரமும் அதை எடுக்க முடியாது என்றால் பயன் இல்லை. பகலில் ஃபோனை எடுத்துப் பேசக்கூடியவர் யாரோ, அவர் எண்தான் சரி. பிள்ளை கையில் இருக்கிற ஃபோன் எண்ணைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். 'உங்கள் மகன் இன்று வரவில்லை' என்ற செய்தி, வராமல் போனவன் கைக்கே போய்ச் சேரும்!

நம்ம பிள்ளை படிக்கிறது எந்த வகைப் பள்ளி?

1956-ல் நிறுவனம் தொடங்கப்பட்ட காலத்திலிருந்து வளர்ந்த நகரியம் இது. இங்கே என்.எல்.சி. நடத்தும் பள்ளிகள் இருக்கின்றன. ஜவகர் பள்ளி, கேந்திரிய வித்யாலயா, தனியார் மெட்ரிக் பள்ளிகள் என்று வேறு வகைகளும் உண்டு. நகரியத்தை விட்டு வெளியே வந்தால் மந்தாரக்குப்பம், வடலூர், குறிஞ்சிப்பாடி, சுற்றுவட்டக் கிராமங்கள் என்று அரசுப் பள்ளிகள். ஒரே தெருவில் மூன்று வீட்டுப் பிள்ளைகள் மூன்று வகைப் பள்ளிக்குப் போகும் ஊர் இது. அதனால்தான், "பக்கத்து வீட்டு அக்கா பொண்ணுக்குக் கிடைச்சுதே, நமக்கு ஏன் கிடைக்கல?" என்ற கேள்வியும் அடிக்கடி எழுகிறது.

அரசின் பல திட்டங்கள் பள்ளியின் வகையைப் பார்த்துத்தான் கிடைக்கும். ஆகவே பள்ளி அலுவலகத்தில் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இது அரசுப் பள்ளியா, அரசு உதவி பெறும் பள்ளியா, சுயநிதிப் பள்ளியா? மாநிலப் பாடத்திட்டமா, சி.பி.எஸ்.இ.யா? நம்ம பிள்ளை தமிழ் வழியா, ஆங்கில வழியா? பொதுத்துறை நிறுவனம் நடத்துகிறது என்பதாலேயே ஒரு பள்ளி திட்டங்களின் கணக்கில் 'அரசுப் பள்ளி' ஆகிவிடாது. ஊகம் வேண்டாம், கேட்டுவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு, உயர்கல்வி படிக்கும் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இந்த உதவி உண்டு. மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்கல்விப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கும் இந்த 6 முதல் 12 கணக்குதான் அடிப்படை.

இப்போது ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பெண் எட்டாம் வகுப்பு வரை கிராமத்து அரசுப் பள்ளியில் நன்றாகப் படிக்கிறாள். "இனிமே கொஞ்சம் பெரிய ஸ்கூல்ல போடுவோம்" என்று கடன் வாங்கி ஒன்பதாம் வகுப்புக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். மாற்றலாம், அது அவர்கள் விருப்பம். ஆனால் மாற்றுகிற அன்றைக்கு இந்த ஒதுக்கீடும் மாதாமாதம் வரும் பணமும் கைநழுவுகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? ப்ளஸ் டூ முடித்த பிறகு தெரிந்து என்ன லாபம்?

கூட்டத்துக்கு யார் போறது?

அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. 2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு இது. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-ல் இக்குழுக்கள் மறுகட்டமைப்பு செய்யப்பட்டன. அந்த ஆண்டு மார்ச் 20 அன்று 'நம் பள்ளி நம் பெருமை' என்ற பெயரில் மாநிலம் முழுவதும் பெற்றோர் கூட்டங்கள் நடந்தன. 2024-ல் குழுக்கள் மீண்டும் புதிதாக அமைக்கப்பட்டன. கழிப்பறை, குடிநீர், பள்ளிக்கு வராத பிள்ளைகள், பாதுகாப்பு எல்லாம் இங்கே பேசலாம். மற்ற பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டமும், தேர்வு முடிந்து மதிப்பெண் சொல்லும் நாளும் இருக்கும்.

"கூட்டம் வைக்கிற அன்னைக்குத்தான் எனக்கு ஷிஃப்ட்" என்பது உண்மையான சிரமம். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வீட்டில் வேறு ஒருவர் போவது. அம்மா, பாட்டி, பெரியப்பா, படித்து முடித்த அக்கா என்று யாரானாலும் சரி. யார் போகிறார் என்பதை வருஷ ஆரம்பத்திலேயே வகுப்பாசிரியருக்குச் சொல்லிவிடுங்கள். இரண்டு, நீங்கள் ஃப்ரீயாக இருக்கும் வாரத்தைச் சொல்லி, "மதியம் சாப்பாட்டு நேரத்துல அஞ்சு நிமிஷம் வந்து பாக்கலாமா?" என்று கேட்பது. காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு ஒரு தடவை, அரையாண்டுக்குப் பிறகு ஒரு தடவை. வருஷத்துக்கு இந்த இரண்டு சந்திப்பு போதும், நிறைய தெரிந்துவிடும்.

போனால் "எப்படிப் படிக்கிறான்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். "பரவாயில்லைங்க" என்று ஒரு பதில் வரும், அவ்வளவுதான். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "எத்தனை நாள் லீவு போட்டிருக்கான்? எந்தப் பாடத்துல எந்த இடத்துல திணறுறான்? வகுப்புல யாரோட பழகுறான்? போன வருஷத்தை விட இப்ப ஏதாவது மாறியிருக்கா?" கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். ரேங்க் கார்டைப் பார்க்கும்போதும் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் வருகை நாட்களையும் பாருங்கள். கையெழுத்து உங்களுடையதுதானா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்!

கொஞ்ச நாள்ல வந்து போயிடும் தகவல்கள்

உதவித்தொகைத் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கக் கிடைக்கும் நாட்கள் குறைவு. எந்த வகுப்பில் எது வரும் என்று முன்பே தெரிந்து வைத்திருந்தால் நாமே போய்க் கேட்கலாம்.

எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு. அரசு, உள்ளாட்சி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கானது. குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். கேந்திரிய வித்யாலயா, தனியார் பள்ளி மாணவர்களுக்கு இது கிடையாது.

ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. ஊரகப் பகுதி மாணவர்களுக்கானது, மாவட்டத்துக்கு 100 பேர் தேர்வு செய்யப்படுகிறார்கள்.

இன்னும் இரண்டு தேர்வுகள் உண்டு. பதினொன்றாம் வகுப்பில் எழுதும் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் 1,500 பேர் தேர்வு செய்யப்பட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 1,500 ரூபாய் தரப்படுகிறது. சி.பி.எஸ்.இ. உட்பட அங்கீகாரம் பெற்ற எல்லாப் பள்ளி மாணவர்களும் எழுதலாம் என்பதால், நகரியத்தில் எந்தப் பள்ளியில் படித்தாலும் இதைத் தவறவிடாதீர்கள். கேள்விகள் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தை ஒட்டித்தான் இருக்கும். இன்னொன்று அரசுப் பள்ளி மாணவர்களுக்கான முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு. தேர்வாகும் 1,000 பேருக்கு இளநிலைப் பட்டம் முடிக்கும் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய்.

தொழில் நகரத்தில் இருக்கிற நாம் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் பிள்ளையின் சம்பாதிக்கும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்துவிட்டால், அல்லது நிரந்தரமாக முடங்கிவிட்டால், அந்தப் பிள்ளையின் கல்விக்காக 75,000 ரூபாய் நிதியுதவி உண்டு. பள்ளித் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு, 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் கிடைக்கும். ஒருவரை இழந்து, மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். துக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு இதெல்லாம் ஞாபகம் வராது. அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

சான்றிதழ்களைக் கடைசி நிமிஷத்தில் தேட வேண்டாம். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று எல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். இதில் நெய்வேலிக்காரர்களுக்கு மட்டும் ஒரு குழப்பம் வரும். நம் ஊரில் வட்டம் என்றால் பிளாக். விண்ணப்பத்தில் வட்டம் என்று கேட்பது தாலுகாவை. அங்கே பிளாக் எண்ணை எழுதாதீர்கள், குவார்ட்டர்ஸ் முகவரிக்கான இடத்தில் எழுதுங்கள். பிள்ளையின் பெயரில் வங்கி அல்லது அஞ்சலகக் கணக்கு இருக்கிறதா, ஆதாருடன் இணைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். உதவித்தொகை வரும் வழி அதுதான்.

ஒரு எச்சரிக்கை. "உங்க பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க, இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்று யாராவது பேசினால் உடனே வைத்துவிடுங்கள். பள்ளியோ துறையோ ஃபோனில் வங்கி விவரம் கேட்பதில்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யுங்கள்.

மார்க் மட்டும் தகவல் இல்லை

பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொள்கிறது. சரியாகச் சாப்பிடுவதில்லை. "வயித்து வலி, ஸ்கூலுக்குப் போகல" என்று அடிக்கடி சொல்கிறது. இதையெல்லாம் 'வயசுக் கோளாறு' என்று தள்ளிவிடாதீர்கள். வீட்டில் கண்டதைப் பள்ளிக்குச் சொல்லுங்கள், பள்ளியில் கண்டதைக் கேளுங்கள். ஆசிரியர் பார்ப்பது பாதி, நீங்கள் பார்ப்பது பாதி. இரண்டும் சேர்ந்தால்தான் பிள்ளைக்கு என்ன ஆச்சு என்பது புரியும். நைட் ஷிஃப்டில் இருக்கிற வீடுகளில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அந்த வாரம் முழுக்க நாம் பிள்ளையின் முகத்தையே சரியாகப் பார்ப்பதில்லை.

பள்ளிகளில் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவும், பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போட 'மாணவர் மனசு' பெட்டியும் உண்டு. உங்கள் பள்ளியில் பெட்டி எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியுமா? இன்றைக்கே கேளுங்கள். தொந்தரவு யாரிடமிருந்து வந்தாலும், அது ஆசிரியராகவே இருந்தாலும், "சொன்னா அப்பா நம்மளத்தான் திட்டுவாரு" என்ற பயம் இல்லாமல் பிள்ளை வாய் திறக்க வேண்டும். பாலியல் தொல்லை என்றால் மறைக்கவே கூடாது. 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் செய்ய வேண்டும். பிள்ளையின் பெயர் வெளியில் வராமல் சட்டம் பார்த்துக்கொள்கிறது.

இந்த எண்களை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

14417 – பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். படிப்பு, தேர்வு, உதவித்தொகை, பள்ளி குறித்த புகார்.
1098 – குழந்தைகளுக்கான உதவி எண்.
14416 – மனநல ஆலோசனை.

பொதுத்தேர்வு வருஷத்தில்

10, 12-ம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன் பள்ளியில் பெயர்ப் பட்டியல் தயாராகும். பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓர் எழுத்து விடாமல் நீங்களே பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். மதிப்பெண் சான்றிதழ் வந்த பிறகு திருத்துவது பெரிய அலைச்சல். தேர்வு முடிவும் பள்ளியில் கொடுத்த கைபேசி எண்ணுக்குத்தான் குறுஞ்செய்தியாக வரும். மறுபடியும் அதே நம்பர்தான், பார்த்தீர்களா?

கற்றல் குறைபாடு, பார்வைக் குறைபாடு போன்றவை உள்ள பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. மருத்துவச் சான்றுடன் பள்ளி வழியாக முன்கூட்டியே கேட்க வேண்டும். தேர்வு வாரத்தில் கேட்டால் கிடைக்காது.

மதிப்பெண் குறைந்ததாகத் தோன்றினால் விடைத்தாள் நகல் பெறலாம், மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கலாம். தவறிவிட்டால் அதே வருஷம் துணைத்தேர்வு உண்டு. எழுதித் தேறினால் ஒரு வருஷம் வீணாகாது. முடிவு வரும் அன்று வீட்டில் யார் இருப்பார்கள் என்பதையும் முன்பே பேசி வையுங்கள். முடிந்தால் அன்றைக்கு ஷிஃப்டை மாற்றிக்கொள்ளுங்கள். பிள்ளை தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டாம்.

வீடு மாறும்போது

பணி ஓய்வு வந்தால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சிலர் சொந்த ஊருக்குப் போகிறார்கள், சிலர் வடலூர் பக்கம் வீடு கட்டிப் போகிறார்கள். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து இடம் மாறிய குடும்பங்களும் உண்டு. அப்பாவின் ஓய்வு மகளின் ப்ளஸ் டூ வருஷத்தில் வருகிறதா என்று முன்பே கணக்குப் பாருங்கள். பள்ளி மாற்றினால், பழைய பள்ளி எமிஸ் பதிவிலிருந்து விடுவித்து, புதிய பள்ளி சேர்த்துக்கொண்டதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். முகவரியையும் எண்ணையும் அங்கே புதுப்பியுங்கள். இது விட்டுப்போனால் பிள்ளை வகுப்பில் இருந்தும், பதிவேட்டில் இல்லாமல் போகும்.

இந்த வாரமே செய்ய நாலு வேலை

1. எமிஸ் பதிவில் உள்ள கைபேசி எண்ணைச் சரிபார்ப்பது.
2. பள்ளியின் வகை, பாடத்திட்டம், பயிற்று மொழி மூன்றையும் கேட்டு எழுதி வைப்பது.
3. கூட்டத்துக்கு யார் போவது என்று வீட்டில் முடிவு செய்வது.
4. பிள்ளையுடன் கால் மணி நேரம், மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் பேசுவது.

நாலாவதுக்கு ஷிஃப்ட் ஒத்துவரவில்லையா? மேஜை மேல் ஒரு நோட்டு வையுங்கள். நீங்கள் வேலைக்குப் போகும் முன் ரெண்டு வரி எழுதுங்கள், பிள்ளை வந்து ரெண்டு வரி எழுதட்டும். பள்ளி அனுப்பும் எந்தச் செய்தியிலும் வராத தகவல் அந்த நோட்டில் வரும்.